ஃபேன் ஓடியது என்று சொன்னேன்

சாமு,

அம்மா எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு இதைப் பிரி. பசியோடு படிக்காதே. ஃபோனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஆரம்பித்துவிடுகிறாய். போட்டேன்பா என்று சொல்லி வைத்துவிடுகிறேன். நேரில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் உன் பழைய பாலிடெக்னிக் நோட்டிலிருந்து தாள் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதில் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் பெயரெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று சொல்லித்தான் அவரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். அதுவும் பொய்தான். ஒரு பொய்யை இறக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் இன்னொன்று முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கூரத்தில் கிரேஸ் வீட்டில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணம் பேசி முடித்து, ஜெபம் பண்ணி, எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கிரேஸின் அப்பா சிரித்துக்கொண்டே, பொண்ணு கூட அவ மாடும் வருமுங்க, அது இல்லாம அவ வண்டி ஏற மாட்டா என்றார். தாய் செத்துப்போன கன்றுக்குட்டியைப் புட்டியில் பால் கொடுத்து அந்தப் பெண் வளர்த்ததையும், இப்போது முதல் ஈத்து ஈன்று பால் கறப்பதையும் சொன்னார். வாசற்படி ஓரம் நின்றிருந்த அவள் முகத்தை நான் பார்த்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு அவள் ஆசைப்பட்டு எதிர்பார்த்த பேச்சு அது ஒன்றுதான். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "மாடு வேணாங்க மாமா. என் கையால ஒண்ணு செத்துடுச்சு. இன்னொண்ண வெச்சுப் பாக்க என்னால முடியாது" என்றாய். நீ கோபமாகச் சொல்லவில்லை. கிரேஸ் உள்ளே போய்விட்டாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஏனாத்தூரில் நம் வீடு வந்து சேரும் வரைக்கும் நீ அப்பா பக்கத்தில் ஆட்டோவின் முன்சீட்டில் ஒட்டி உட்கார்ந்து வந்தாய். பின்னால் பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாமு, உன் கையால் எதுவும் சாகவில்லை. ராசாத்தி செத்தது என்னால். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

எப்படி என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டுக் கொட்டகைக்குக் கீற்றை எடுத்துவிட்டுத் தகர ஷீட் போடச் சொன்னவள் நான்தான். வருஷா வருஷம் கீற்று மாற்ற முடியவில்லை, மழையில் ஒழுகுகிறது, ஊரில் எல்லாரும் ஷீட் போட்டுவிட்டார்கள் என்று அப்பாவை நச்சரித்தேன். பக்கத்திலிருந்த புங்க மரத்தை வெட்டச் சொன்னதும் நான்தான். ஆட்டோ நிறுத்த இடம் வேண்டும் என்று. அப்பா அரை மனசாகத்தான் வெட்டினார். மரம் விழுந்த அன்றைக்கு வெளிச்சமாக இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கோடையில்தான் அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்று தெரிந்தது. பத்து மணிக்கே ஷீட் காய்ந்து, கீழே நின்றால் உச்சந்தலை கொதிக்கும். நாட்டு மாடாக இருந்தால் எப்படியோ தாங்கியிருக்கும். ராசாத்தி கருப்பு வெள்ளைக் கலப்பு மாடு. குளிர் தேசத்து ரத்தம். மதியம் ஆனால் தீனி தொட மாட்டாள், படுக்க மாட்டாள், அசை போட மாட்டாள். வாயைத் திறந்து நாக்கை வெளியே விட்டு நாய் மாதிரி இரைப்பாள். பால் பாதியாகிவிட்டது. அப்போது வயிற்றில் ஏழு மாசம்.

நீ பார்த்துப் பொறுக்க முடியாமல் உன் முதல் போனஸில் பைப் வாங்கி வந்தாய். லீவு போட்டு, ஏணி மேல் ஏறி, அந்தக் கொதிக்கிற ஷீட்டுக்கு அடியில் இரண்டு நாள் வேலை செய்தாய். பொடிப்பொடியாகத் தண்ணீர் தெளிக்கிற மூக்கு வைத்த பைப். அதற்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் ஃபேன். என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாய். "தண்ணி மட்டும் வுடாதமா. தண்ணி நனைக்கணும், காத்து அத்த ஒலத்தணும். அப்பதான் சூடு எறங்கும். காத்து இல்லன்னா பைப்பத் தொறக்கவே தொறக்காத." இதை நீ ஒரு தடவை சொல்லவில்லை. மூன்று தடவை சொன்னாய். கடைசியில் என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னாய். நானும் ஸ்கூல் பிள்ளை மாதிரி சொன்னேன். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும், தார்ப்பாய் வேண்டுமானால் வெயில் விழுகிற பக்கம் மட்டும் பாதி இறக்கு என்றும் சொன்னாய். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

நீ செய்தது வேலை செய்தது. அதை நீ மறந்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். மூன்றாம் நாளே மதியத்தில் அவள் படுத்து அசை போட்டாள். ஒரு வாரத்தில் பால் ஏறியது. அப்பா ஸ்டாண்டிலிருந்து இரண்டு ஆட்டோக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, எம்புள்ள பண்ணதுபா என்று காட்டினார். அவர்கள் அந்த ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மாடாப் பொறந்திருக்கலாம் போல என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது உள்ளே தைத்தது.

இப்போது சொல்வதுதான் கஷ்டமானது. அந்த வருஷம் எனக்கு உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. வயசுக்கு வருகிறபோது ஒரு மாதிரி என்றால், அது நின்றுபோகிற வயசில் வேறு மாதிரி. திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து தலைக்கு நெருப்பு ஏறும். விடிவதற்கு முன் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, காலேஜ் பக்கத்து டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வந்து, புல் அறுத்துப் போட்டு, சோறாக்கி முடித்தால் மணி பன்னிரண்டு. வீட்டுக்குள் இருந்த சீலிங் ஃபேன் சுற்றுவதை எண்ணலாம். நீ ஒரு தடவை கேட்டாய், உனக்கும் ஒரு ஃபேன் வாங்கட்டுமா என்று. எனக்கெதுக்குடா என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டு, மாட்டுக்கு வாங்கியவன் அம்மாவுக்கு வாங்கவில்லையே என்று மனசுக்குள் வைத்துக்கொண்டதும் நான்தான். இதை இப்போது படிக்கும்போது உனக்கு வலிக்கும். எனக்கு எழுதவும் வலிக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

அன்றைக்குக் கத்திரி வெயில் நடுவில் ஒரு வியாழக்கிழமை. இலை அசையவில்லை. வானம் மூடின மாதிரி இருந்தது, மழையும் இல்லை. புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. பன்னிரண்டரைக்கு அவளுக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டேன். நீ சொன்ன மாதிரியே பைப்பைத் திறந்து ஃபேனைப் போட்டேன். அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அந்தக் காற்றில் நின்றேன். நின்றவளுக்கு அதை விட்டு நகர மனசு வரவில்லை. ஒரு அரை மணி நேரம் படுத்து எழுந்தால் போதும் என்று இருந்தது. ஃபேனைப் பிடுங்கி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போனேன். போவதற்கு முன், அனல் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று தார்ப்பாயை மூன்று பக்கமும் இறக்கிக் கட்டினேன். தண்ணீரை நிறுத்தவில்லை. காற்று இல்லை, தண்ணீராவது இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ மூன்று தடவை சொல்லிக் கொடுத்ததற்கு நேர் எதிர். தரையில் வெறும் பாயில் ஃபேனுக்கு முன்னால் படுத்தேன். அவ்வளவு நல்ல தூக்கம் அந்த வருஷம் பூராவும் நான் தூங்கியதில்லை.

எழுந்தபோது மணி இரண்டேகால். எழுப்பியது எந்தச் சத்தமும் இல்லை, அவள் இரைக்கிற சத்தம் கேட்காததுதான். ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. ராசாத்தி பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். கழுத்து நீண்டு, வாயில் நுரை, விலா மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. காதைத் தொட்டேன், அடுப்பில் இருந்து எடுத்த பாத்திரம் மாதிரி இருந்தது. கூப்பிட்டேன். கண்ணை மட்டும் திருப்பினாள்.

அப்போது நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா சாமு? மாட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. தார்ப்பாய் மூன்றையும் சுருட்டிக் கட்டினேன். வீட்டுக்குள் போய் ஃபேனைத் தூக்கிவந்து அது இருந்த இடத்திலேயே வைத்து, ஒயரைச் சொருகி, ஓடவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஃபோனை எடுத்தேன். காற்று வேண்டும் என்றுதான் வைத்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபேன் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தார்ப்பாயின் முடிச்சைக்கூட பழைய மாதிரியே போட்டேனே, அது எதற்கு? யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கலாம்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வெயிலோடு வந்தாள். சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். வந்ததும் பிடரியிலும் தலையிலும் குடம் குடமாக ஊற்றச் சொன்னாள். ஊசி போட்டாள், கழுத்து நரம்பில் பாட்டில் ஏற்றினாள். பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சாமா?" என்று கேட்டாள்.

"ஓடிக்கினுதாம்மா இருந்துச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பைப்பைப் பார்த்தாள். ஃபேன் ஓடியும் இப்படி ஆகியிருக்கிறது என்றால் தண்ணீர்தான் அளவுக்கு மீறிப் போயிருக்க வேண்டும், மூக்கில் பொடியாக வராமல் சொட்டாக வருகிறது, இடமே புழுங்கிப்போய் மாட்டால் சூட்டை வெளியே விட முடியவில்லை என்றாள். யார் மாட்டினது என்று கேட்டாள். எம்புள்ள என்றேன். அவள் மேல் தப்பில்லை. நான் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அவள் கணக்குப் போட்டாள். நாலு மணிக்கு முன்னால் ராசாத்தி அடங்கிவிட்டாள். வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீ ஃபாக்டரி யூனிஃபார்மோடு வந்தாய். டாக்டரம்மா சொன்னதை அப்பா உனக்குச் சொன்னார். நீ அழவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, ஒவ்வொரு மூக்காகக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். எல்லாவற்றையும் பிடுங்கிப் பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி மூட்டை கட்டினாய். "வீடியோ பாத்து செஞ்சேன்மா. முழுசாத் தெரிஞ்சிக்காம செஞ்சேன். நான்தாம்மா" என்றாய். அப்போது நான் உன் தோளைப் பிடித்து, விடுபா, வெயில்தான் கொன்னுச்சு என்றேன். அதுவும் பொய் இல்லை என்றுதான் இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஒரகடத்தில் ரூம் எடுத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும், அன்றைக்கு வெளியே கட்டியிருந்ததால் தப்பிய ராசாத்தியின் கன்று சின்னவள் கத்தினால் நீ திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் உன்னைப் பார்த்துத்தான் கத்துகிறாள் என்று தெரிந்தும் நான் புல்லைப் போட்டு அவள் வாயை அடைத்தேன். ஒவ்வொரு வாரமும் சர்ச்சில் முட்டி போடுகிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன், இதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம் இல்லை. நீ வெறுக்க மாட்டாய், போம்மா, உனக்கு முடியல, அதான் என்று சொல்வாய். அப்படி நீ சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது என்றுதான் பயம்.

இப்போது மறுபடியும் கத்திரி வந்துவிட்டது. சின்னவளுக்கு என்ன செய்கிறேன் என்று கேட்பாய். கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன். ஷீட் மேல் தென்னங்கீற்று பரப்பி, விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். தீனி விடியற்காலையிலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும்தான். மதியத்தில் வைத்தால் அதைச் செரிக்கிற சூடும் சேர்ந்துகொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னாள். தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, மூன்று தடவை தண்ணீரை மாற்றுகிறேன். கொஞ்சம் உப்பும் வெல்லமும் கரைத்து வைக்கிறேன். மதியம் மூன்று தடவை உடம்பு பூராவும் ஊற்றிவிட்டு உன் ஃபேனைப் போடுகிறேன். எந்தப் பக்கமும் மூடுவதில்லை. வெட்டின இடத்தில் ஒரு புங்கங்கன்று நட்டிருக்கிறேன். அது என் முட்டிக்குக்கூட வரவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் அவள் வாயைத் திறந்துகொண்டுதான் நிற்கிறாள். சில நாள் மதியம் கரண்ட் போய்விடுகிறது. போர் தண்ணீர் குழாயில் சுடச்சுட வருகிறது. நேற்று அந்தத் தண்ணீரை அவள் முதுகில் ஊற்றியபோது உடம்பை உதறிக்கொண்டு விலகினாள். குளிர்ந்த தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

கிரேஸிடம் நடந்ததைச் சொல்லிவிடு. எங்கம்மாதான் என்று சொல். மாமியாரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்கிற விஷயம் இதுவாக இருக்கிறதே என்று எனக்கும் கூச்சம்தான், ஆனாலும் சொல். ராசாத்திக்கு நீ செய்தது சரியாகத்தான் இருந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு அவள் மாட்டைக் கூட்டிக்கொண்டு வருவதா என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். கொண்டுவா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வீட்டில் இரண்டு பெரிய வேப்பமரம் இருக்கிறது, இங்கே ஷீட்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. வாசலில் நின்ற அவள் முகம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பெற்றவள் ஒரு வழி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். என்னிடம் வழி இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு முடியாதபோது கிரேஸிடம் முடியவில்லை என்று சொல். அவள் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் நம்பிவிடாதே, இன்னொரு தடவை கேள். நான் எனக்கு முடியவில்லை என்று உன்னிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் ஓடி வந்திருப்பீர்கள். கேட்காமல், வாயில்லாத ஒன்றிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் இன்றைக்குச் சாயங்காலம் சொல்லலாம் என்று இருக்கிறேன். சொல்வேனா என்று தெரியாது. நான் சொல்லாவிட்டால் நீ சொல்லிவிடு. இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வராவிட்டாலும் பரவாயில்லை. வந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வராதே.

இப்போது மணி பதினொன்று. கால் மணி நேரத்துக்கு முன் கரண்ட் போய்விட்டது. சின்னவள் இரைக்க ஆரம்பித்துவிட்டாள், இங்கே கேட்கிறது. வெயில் தாழ இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. நான் போய் அவள் பக்கத்தில் நிற்கிறேன்.

அம்மா